டைகால்சியம் நைட்ரைடில் ஹைட்ரஜன் உறிஞ்சல் ஆற்றல் சியெஸ்டாவில் அளவுக்கு மீறி ஆழமாக விழுகிறது

கேள்வி (காரைக்குடி)
வணக்கம். டைகால்சியம் நைட்ரைடின் அடுக்குகளுக்கு நடுவே ஹைட்ரஜனை வைத்து, சியெஸ்டா என்ற மின்னமைப்புக் கணிப்பு மென்பொருளில் உறிஞ்சல் ஆற்றல் (ஹைட்ரஜன் உள்ளே சேர்வதால் வரும் ஆற்றல் மாற்றம்) கணக்கிடுகிறேன். அறுகோண செல், 9 அணுக்கள், பிபிஈ (எலக்ட்ரான் இடைவினைக்கான தோராயம்), டபுள்-ஜீட்டா போலரைஸ்டு பேசிஸ் (எலக்ட்ரான் அலையைக் கட்டும் ஆர்பிட்டால் தொகுப்பு), மெஷ் கட்ஆஃப் (கணக்கு வலையின் நுணுக்க அளவு) 300 ரைட்பெர்க், கே-புள்ளிகள் (படிகத்தின் எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுக்கும் புள்ளிகள்) 12×12×2. அதே வகை மென்பொருளான குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ தரும் மதிப்பைவிட ஒரு ஹைட்ரஜனுக்கு அரை ஈவிக்கு (எலக்ட்ரான்வோல்ட்) மேல் ஆழமாக வருகிறது. மெஷ்ஷை 500 ஆக்கியும் அசையவில்லை. அண்ணன்மார் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (தேவகோட்டை)
தம்பி, மெஷ்ஷில் பிழை இல்லை, பேசிஸில்தான். இந்தப் பொருளில் ஒரு வாய்பாட்டு அலகுக்கு ஓர் எலக்ட்ரான் எந்த அணுவோடும் ஒட்டாமல் அடுக்கிடைவெளியில் கிடக்கிறது. கால்சியம் தளங்களுக்கு இடையே அங்கே ஏறத்தாழ 3.9 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோவின் பேசிஸான பிளேன்வேவ் (சமதள அலை) எல்லா இடத்திலும் பரவி நிற்கும். சியெஸ்டாவின் ஆர்பிட்டால்களோ அணுவை மையமாகக் கொண்டவை, ஓர் ஆரத்தோடு அறுந்துவிடும். சுற்றியுள்ள அறைகளில் மட்டும் விளக்கேற்றி நடுவிலுள்ள வளவை வெளிச்சமாக்கப் பார்ப்பது போன்றது அது.

அதனால் ஹைட்ரஜன் இல்லாத வெறும் அடுக்கின் ஆற்றல் இருக்க வேண்டியதைவிட மேலே நிற்கிறது. ஹைட்ரஜன் உள்ளே வரும்போது தன் ஆர்பிட்டால்களையும் கொண்டுவந்து அந்தக் குறையை நிரப்புகிறது. அந்த லாபம் முழுவதும் உறிஞ்சல் ஆற்றலாக உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது.

வெறும் அடுக்குக் கணக்கில் ஹைட்ரஜன் உட்காரப்போகும் அதே இடங்களில் கோஸ்ட் அணு (உட்கருவோ எலக்ட்ரானோ இல்லாமல் ஆர்பிட்டால்கள் மட்டும் உள்ள போலி அணு) வையுங்கள். நைட்ரஜன் (0, 0, 0) என்றால் அந்த இடம் (0, 0, ½). சமச்சீரால் செல்லுக்கு மூன்று. உள்ளீட்டுக் கோப்பின் ஸ்பீஷீஸ் (அணு வகை) பட்டியலில் கோஸ்ட்டின் அணு எண்ணை −1 என்று கொடுக்க வேண்டும். சூடோபொட்டன்ஷியல் (உட்கருவையும் உள் எலக்ட்ரான்களையும் பதிலி செய்யும் விசைப்புலம்) கோப்பும் பேசிஸும் உண்மையான ஹைட்ரஜனுக்கு உள்ளவையே. ஆர்பிட்டால் அறும் ஆரத்தைத் தீர்மானிக்கும் எனர்ஜி ஷிஃப்டை 0.005 ரைட்பெர்க்குக்கு இறக்குங்கள், ஆரம் நீளும். உள்ளே போகும் ஹைட்ரஜன் எதிர்மின் அயனியாகிப் பருத்துவிடும், குட்டையான ஆர்பிட்டால் அதற்குப் போதாது. கால்சியத்தின் 3எஸ், 3பி எலக்ட்ரான்கள் வேலன்ஸில் (கணக்கில் நேராகச் சேரும் வெளி எலக்ட்ரான்களில்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் (கானாடுகாத்தான்)
ஒப்பீட்டு ஆற்றலையும் சரிபாருங்கள். மூன்று ஹைட்ரஜன் நுழைத்தால் கழிக்க வேண்டியது ஒன்றரை மூலக்கூறின் ஆற்றல். தனி அணுவைக் கழித்திருந்தால் பிழை அணுவுக்கு 2.2 ஈவிக்கு மேல் போயிருக்கும். உங்களுடையது அரை ஈவிதான், ஆக அண்ணன் சொன்னதே காரணம்.

கேள்வி கேட்டவர்
கோஸ்ட் வைத்ததும் வித்தியாசம் 0.1 ஈவிக்குள் வந்துவிட்டது. மிக்க நன்றி. ஒற்றை அடுக்குக்கும் இதே முறைதானா?

பதில் (தேவகோட்டை)
அங்கே எலக்ட்ரான் இரு முகங்களுக்கும் வெளியே வழிந்து நிற்கும். ஆகவே இரு பக்கமும் கால்சியம் தளத்துக்கு 1.9 ஆங்ஸ்ட்ராம் மேலே கோஸ்ட் வரிசை வையுங்கள். வெற்றிடம் 20 ஆங்ஸ்ட்ராம், செங்குத்துத் திசையில் ஒரே கே-புள்ளி போதும்.

ஒன்று மறக்க வேண்டாம். முழுதாக ஹைட்ரஜன் ஏறிய சேர்மம் சோதனையில் ராக்சால்ட் (கல்லுப்பு) வகைக் கனசதுர அமைப்பில் கிடைக்கிறது, அடுக்காக அல்ல. அடுக்கமைப்பில் நீங்கள் பெறும் எண்ணைச் சோதனை வெப்ப அளவோடு நேராக ஒப்பிடாதீர்கள். கனசதுர அமைப்பையும் தளர்த்தி (அணுக்களைக் குறைந்த ஆற்றல் இடங்களுக்கு நகரவிட்டு) கணக்கிட்டு, 298 கெல்வினில் ஹைட்ரஜன் வாயுவின் என்ட்ரோபிக்கு அணுவுக்கு 0.20 ஈவி சேர்த்த பிறகே உறிஞ்சுமா என்று பேசலாம்.