தேய்ந்த அமல் கார்புரேட்டர்: வீட்டு மேசையா, லேத் பட்டறையா?

ட்வின்பிரியன்:
என்னிடம் இருப்பது 1970 ட்ரையம்ஃப் பான்வில் பைக், 650 சிசி. இரண்டு அமல் 930 கான்சென்ட்ரிக் கார்புரேட்டர்கள், வண்டியோடு வந்தவையே. சூடு ஏறியதும் ஐடிலிங் (திராட்டிலைத் தொடாதபோது ஓடும் வேகம்) ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு நேரம் தானாக ஏறுகிறது, ஒரு நேரம் இறங்கி அணைந்துவிடுகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஸ்லைடை (மேலும் கீழும் நகர்ந்து காற்று வழியைத் திறந்து மூடும் உருளையை) விரலால் ஆட்டினால் இடது பக்கம் கடகடவென்கிறது. பட்டறையில் காட்டினேன். "தேஞ்சு போச்சு, புதுசு போடுங்க" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. லேத் கிடையாது. வெர்னியர், ஃபீலர் கேஜ், பொறுமை மூன்றும் உண்டு. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கடைசல்காரன்:
முடியாது. ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, உலோகம் அப்படி. இந்த மாடலில் பாடியும் துத்தநாகக் கலவை, ஸ்லைடும் அதே கலவை. ஒரே மாதிரி மென்மையான இரண்டு உலோகங்கள் ஒன்றோடொன்று உரசினால் இரண்டுமே தேயும். இன்ஜின் உறிஞ்சும்போதெல்லாம் ஸ்லைடு இன்ஜின் பக்கச் சுவரில் போய் மோதுகிறது. அதனால் தேய்மானம் சுற்றிலும் ஒரே சீராக இருக்காது. துளை அடிப்பக்கத்தில், அதுவும் ஒரு பக்கமாக, முட்டை வடிவத்துக்குப் போய்விடும். எமரி ஷீட்டை வைத்துத் தேய்த்து அதை வட்டமாக்க முடியாது. பாடியை லேத்திலோ மில்லிங்கிலோ பிடித்து, துளையை நேராக போர் செய்து (குடைந்து), அந்த அளவுக்கு ஸ்லைடில் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போட வேண்டும். வீட்டு மேசையில் நடக்கிற வேலை இல்லை.

மேசைவிளக்கு:
கடைசல்காரன் அண்ணே, உலோகம் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தேய்ந்ததா என்று பார்க்காமலே வைத்தியம் சொல்லிவிட்டீர்கள். ஐடிலிங் நிற்கவில்லை என்று வருகிற கான்சென்ட்ரிக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் துளையை. இந்த மாடலில் பைலட் ஜெட் கழற்றுகிற மாதிரி இல்லை. ஏர் ஸ்க்ரூ இருக்கும் துளையின் உள்கோடியில் அழுத்தி வைத்த சின்ன புஷ், அதில் 0.4 மிமீ அளவு ஓட்டை. சில மாதம் வண்டி சும்மா நின்றாலே பெட்ரோல் காய்ந்து பிசினாகி அதை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கார்புரேட்டர் பளபளவென்றுதான் இருக்கும்.

ட்வின்பிரியன், நீங்கள் செய்ய வேண்டியது இது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். 0.4 மிமீ டிரில் பிட்டை மெல்லிய குழாயின் முனையில் ஒட்டி, உள்ளே விட்டு விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். மெஷினில் மாட்டக் கூடாது. ஓட்டை பெரிதானால் அந்த பாடி அவ்வளவுதான். அப்புறம் அதே துளை வழியாக கார்ப் கிளீனர் அடியுங்கள். ஸ்லைடின் கீழ் விளிம்பு உட்காரும் இடத்தில், குழலின் தரையில் இரண்டு பொடித் துளைகள் தெரியும். இரண்டிலிருந்தும் திரவம் பீய்ச்ச வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் வேலை முடியவில்லை.

அடுத்தது ஃபிளாஞ்ச், அதாவது இன்ஜினோடு சேர்த்து நட் போடும் தட்டை முகம். யாராவது எப்போதாவது நட்டை இறுக்கித் தள்ளியிருப்பார்கள். காதுகள் இரண்டும் இன்ஜின் பக்கம் வளைந்து, முகம் வில் மாதிரி ஆகியிருக்கும். கண்ணாடிப் பலகையில் வைத்து அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். ஃபிளாஞ்ச் வளைந்தால் காற்று கசிவது மட்டுமில்லை, இறுக்கும்போது பாடியே நெளிந்து ஸ்லைடு துளையும் கோணிவிடும். ஸ்லைடு சிக்குவதற்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.

கடைசல்காரன்:
பைலட் துளை, ஃபிளாஞ்ச் இரண்டும் வீட்டு வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஸ்லைடு கடகடவென்று ஆடுகிறது. அந்த இடைவெளி வழியாகப் போகிற காற்றுக்கு யார் கணக்கு வைப்பது? ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகிப் பெட்ரோலைக் கூட்டலாம். ஆனால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோணத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் இன்று வைத்த அளவு நாளைக்குச் செல்லாது. நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம்.

புதுபாகம்:
இரண்டு பேரும் இல்லாத சிக்கலை இழுக்கிறீர்கள். அமல் பிரீமியர் என்று இதே அச்சில் புதிய கார்புரேட்டர் வருகிறது. ஸ்லைடு கடினமாக ஆனோடைஸ் செய்த அலுமினியம், பைலட் ஜெட் கழற்றி மாற்றும் வகை. 1967-ல் கான்சென்ட்ரிக் வந்ததிலிருந்து ஆட்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது. வண்டி ஓட்டுவதற்கா, மேசையில் வைத்துக் கும்பிடுவதற்கா?

மேசைவிளக்கு:
ஓட்டுவதற்குத்தான். புதியது நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்டது இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்பது. அந்த பாடியில் அச்சிட்ட எண், ஜெட் அளவு, ஸ்லைடு கட்அவே (ஸ்லைடின் கீழ் விளிம்பில் வெட்டிய சரிவு) எல்லாம் அந்த வருட பான்வில்லுக்கென்று தேர்ந்தெடுத்த கணக்கு. மீட்க முடிந்ததை ஏன் கைவிட வேண்டும்?

இன்னொன்று. நீங்களே சொன்ன அந்த அலுமினிய ஸ்லைடைப் பழைய பாடியிலும் போடலாம். அதுதான் சரியான சோதனையும்கூட. புது ஸ்லைடைப் பழைய துளையில் இறக்கி, இன்ஜின் பக்கம் தள்ளிப் பிடித்து, எதிர்ப்பக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பழைய ஸ்லைடுக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில் அளவு எடுங்கள். இடைவெளி நன்றாகக் குறைந்தால் தேய்ந்தது ஸ்லைடு. ஏறக்குறைய அப்படியே இருந்தால் பாடி போய்விட்டது, அப்போது கடைசல்காரன் அண்ணன் பக்கம்தான் போக வேண்டும்.

கடைசல்காரன்:
மென்மையான பாடியில் கடினமான ஸ்லைடைப் போட்டால் அடுத்துத் தேய்வது பாடி மட்டும்தான். ஸ்லைடை மலிவாக மாற்றலாம், பாடியை மாற்ற முடியாது. இதை யோசித்தீர்களா?

மேசைவிளக்கு:
யோசித்தேன். பிரீமியரிலும் பாடி அதே துத்தநாகக் கலவைதான், உள்ளே ஓடுவது அதே கடின ஸ்லைடுதான். ஒட்டிப் பிடித்துச் சுரண்டுவது ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசும்போதுதான் அதிகம். வழவழப்பான கடின மேற்பரப்பு பாடியை அவ்வளவு அரிக்காது. ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டி மண்ணை உள்ளே விட்டால் மட்டும் எந்த ஸ்லைடும் தாங்காது.

ட்வின்பிரியன்:
சொன்னபடி செய்து பார்த்தேன். இரண்டு பக்கமும் பைலட் துளை அடைந்திருந்தது. வலது பக்கம் சுத்தமாக மூடியே இருந்தது. இடது ஃபிளாஞ்சின் நடுவில் 0.15 மிமீ ஃபீலர் தாராளமாக நுழைகிறது. கண்ணாடிமேல் ஈரமான 400 நம்பர் எமரியை விரித்துத் தேய்த்து முகத்தைச் சமமாக்கிவிட்டேன். ஒருவர் கார்புரேட்டரை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போடச் சொன்னார். போடலாமா?

கடைசல்காரன்:
தயவுசெய்து வேண்டாம்! துத்தநாகத்தை அமிலம் தின்றுவிடும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். கறுத்துப்போய்ப் பொடிப்பொடியாகக் குழி விழுந்துவிடும், அதன்பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. கார்ப் கிளீனரும் பிரஷ்ஷும் போதும்.

ஃபிளாஞ்சை ரொம்பத் தேய்த்துவிடாதீர்கள். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழம் குறைந்தால் ரிங் வெளியே தள்ளி நிற்கும், அதை அமுக்க மறுபடி இறுக்குவீர்கள், மறுபடி வளையும். நைலாக் நட் போட்டு, ஓ-ரிங் அமுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

மேசைவிளக்கு:
மாட்டியதும் ஒவ்வொரு சிலிண்டராக ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்க பிளக்கைக் கழற்றி, கேப்போடு இன்ஜினில் எர்த் ஆகும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். சும்மா தொங்கவிட்டால் காயில் கெடும். ஓடுகிற பக்கத்தில் கேபிளைத் தளர்த்திவிட்டு, ஸ்லைடைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுங்கள். ஸ்லைடு முழுக்க இறங்கியதும் இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கிருந்தோ காற்று போகிறது. ஃபிளாஞ்ச் சரியாக இருந்தால், அது ஸ்லைடு வழியாகத்தான்.

கையோடு நீடில் ஜெட் (ஸ்லைடில் தொங்கும் ஊசி ஏறி இறங்கும் பித்தளை ஜெட்) இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஊசி ஆடி ஆடிப் பித்தளை ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். 106 என்றால் 0.106 அங்குலம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே அது 107 ஆகிவிடுகிறது, அதாவது அடுத்த சைஸ் ஜெட்டைப் போட்ட மாதிரி. பாதி திராட்டிலில் புகை, பெட்ரோல் செலவு என்று புலம்புவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சின்னப் பித்தளைக்காகத்தான்.

ட்வின்பிரியன்:
வலது பக்கம் மட்டும் ஓடவிட்டபோது அருமையாக நின்று ஓடியது, ஸ்லைடை இறக்கியதும் அணைந்தது. இடது பக்கம் ஸ்டாப் ஸ்க்ரூவை முழுக்கப் பின்னுக்கு எடுத்தும் நிற்கவில்லை. புது ஸ்லைடு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இடைவெளி கொஞ்சம்தான் குறைந்தது. குழலுக்குள் விளக்கடித்தால் இன்ஜின் பக்கச் சுவரில், தரையை ஒட்டி, நகத்துக்குத் தட்டுப்படும் படி ஒன்று இருக்கிறது.

கடைசல்காரன்:
அந்தப் படிதான் நான் சொன்ன தேய்மானம். அனுப்பும்போது இரண்டு பாடியையும் சேர்த்து அனுப்புங்கள். ஜோடியாக ஒரே அளவில் ஸ்லீவ் போட்டால் சின்க் செய்ய (இரண்டையும் ஒரே சீராக ஓட வைக்க) எளிது.

மேசைவிளக்கு:
வலது பக்கம் ஏன்? ஸ்லைடை இறக்கினால் அணைகிறது, அதைவிட என்ன சான்று வேண்டும்? நன்றாக ஓடும் துளையை போர் செய்வது, இருக்கிற நல்ல உலோகத்தை வெட்டி எறிவது. ஒருமுறை போர் செய்த பாடியை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இடதை மட்டும் அனுப்புங்கள்.

கடைசல்காரன்:
இன்னும் ஓரிரு வருடத்தில் வலதும் வரும். அப்போது இன்னொரு முறை கழற்ற வேண்டும்.

மேசைவிளக்கு:
வரட்டும், அண்ணே. அதுவரை அது ஓடும்.

ட்வின்பிரியன்:
இடதை மட்டும் அனுப்புகிறேன். வலதுக்கு இப்போதைக்குப் புது நீடில் ஜெட், ஓ-ரிங் மட்டும். கடைசல்காரன் அண்ணே, பாடியை அனுப்பும்போது ஸ்லைடு, மேல்மூடி, கேபிள் அட்ஜஸ்டர் எல்லாம் சேர்த்து வைக்க வேண்டுமா?

கடைசல்காரன்:
ஸ்லைடும் ஊசியும் கட்டாயம். மேல்மூடியும் இருக்கட்டும், ஸ்லைடு முழுக்க ஏறி இறங்குவதை மூடி போட்டுத்தான் பார்ப்பேன். ஃப்ளோட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வழியில் உடையும். பைலட் புஷ்ஷைத் திரும்பத் தொடாதீர்கள்.