மறு: ‘இம்ப்ளாசிபிள் சிக்னல்’ – பொருந்தாக் குறிகை எனலாமா?

நண்பர்களே,

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக் எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிய கையேட்டுக்கு நாம் திரட்டிவரும் சொற்களில் பெரும்பாலானவை சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. ‘வீல் ஸ்பீடு சென்சார்’ சக்கரவேக உணரி ஆயிற்று. சக்கரத்தோடு சுற்றும்போது அது பல் பல்லாக எண்ணிப் பார்க்கும் பல் வளையம் பல் வளையமாகவே இருக்கட்டும். ‘இம்ப்ளாசிபிள் சிக்னல்’, அதாவது உணரியிலிருந்து வந்தும் பிரேக்கைக் கவனிக்கும் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்க மறுக்கும் சிக்னல் (குறிகை), மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. பிழைக் குறிகை, முரண் குறிகை, நம்பத்தகாத குறிகை என மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் பிழைக் குறிகை. காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் ஓர் உணரியின் பெயரைக் காட்டினால் அதற்குக் காரணம் இரண்டு வகையாக இருக்கலாம். கம்பி அறுந்தோ கனெக்டரில் துரு ஏறியோ மின்சுற்றே துண்டாகியிருப்பது ஒரு வகை. மின்சுற்று நன்றாக இருந்து, குறிகையும் வந்து, அது சொல்லும் செய்தி மட்டும் ஏற்கும்படி இல்லாதது இன்னொரு வகை. ஐந்தாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கோளாறு எண்களே உண்டு. சி1288 ஸ்டியரிங் உணரியின் மின்சுற்றுக் கோளாறு. சி1287 அதே உணரி காட்டும் கோணம் மாறுகிற வேகத்தில் உள்ள கோளாறு. முன்னதற்கு மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். பின்னதற்கு ஸ்கேனரில் கோண அளவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பி, எண் எங்கே திடீரென்று தாவுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கத்தில்தான் தாவும், ஏனென்றால் கார் நேராக ஓடும் நேரமே அதிகம், தேய்மானமும் அங்கேதான். இரண்டையும் ‘பிழை’ என்று எழுதிவிட்டால் படிப்பவருக்கு எந்தக் கருவியை எடுப்பது என்றே தெரியாது. உணரியை மாற்றிக் காசை விடுவார், விளக்கு மறுபடி எரியும்.

முரண் குறிகை அழகான சொல். பிரேக் லைட் சுவிட்சுக்கு அப்படியே பொருந்துகிறது. மாஸ்டர் சிலிண்டர் பக்கம் உள்ள அழுத்த உணரி ‘பெடல் மிதிபடுகிறது’ என்கிறது; பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச் ‘இல்லை’ என்கிறது. இரண்டு சாட்சிகள் மாறி மாறிச் சொன்னால் கட்டுப்பாட்டுப் பெட்டி இருவரையும் நம்பாமல் ஒதுங்கிக்கொள்கிறது, விளக்கு எரிகிறது. மலிவான ஒரு சுவிட்ச் இத்தனை கலவரம் செய்வதன் காரணம் இதுதான். ஆனால் பல் வளையம் துருவால் வெடித்திருக்கும்போது நிலைமை வேறு. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெடிப்பைக் கடக்கையில் வேகம் ஒரு நொடிப்பொழுதுக்குச் சரிந்து மீள்கிறது. எந்தச் சக்கரமும் அப்படி நின்று ஓட முடியாது. இங்கே எதிர்ச்சாட்சியே தேவையில்லை. காய்ந்த சாலையில், கார் நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் பெடல் காரணமில்லாமல் அதிர்ந்தால் இந்த வளையத்தையும் பேரிங்கின் ஆட்டத்தையும் முதலில் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் கட்டாயம் எழுத வேண்டும். முரண் என்றால் இரண்டு பக்கம் வேண்டும், இதில் ஒன்றுதான் இருக்கிறது.

நம்பத்தகாத குறிகை என்பதோ பழியைத் தூக்கி உணரியின் மேல் போட்டுவிடுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சக்கரத்தையும் டயரையும் மாற்றுவார்கள். பின் டயரின் சுற்றளவு தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து விலகினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். உணரிகள் நான்கும் உண்மையைத்தான் சொல்கின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டியின் எதிர்பார்ப்போடு அந்த உண்மை சேரவில்லை, அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் நடுநிலையை மறந்துபோகும் ஸ்டியரிங் உணரியும் அப்படியே. பல கார்களில் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினாலே விளக்கு அணைந்துவிடும். அதைப் போய் நம்பத்தகாதது என்பதா?

ஆகவே என் முன்மொழிவு பொருந்தாக் குறிகை. யார் மேல் தவறு என்று அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை, தேடச் சொல்கிறது. கிளைச் சொற்களும் தடையின்றி வருகின்றன: பெட்டி ஓயாமல் செய்யும் வேலை பொருத்தச் சோதனை, அதில் தேறாதது பொருந்தாமை. ஒரே ஒரு கவலை உண்டு. அவசரத்தில் படிப்பவர் ‘பொருந்தா’வைப் ‘பொருத்தா’ என்று படித்து, இன்னும் மாட்டாத உணரி என்று எண்ணிவிடக்கூடும். குறிகை என்ற சொல் கூடவே நிற்பதால் அந்தக் குழப்பம் நீடிக்காது என்று நினைக்கிறேன்.

கார் சறுக்கித் திரும்பாமல் காக்கும் ‘நிலைப்புக் கட்டுப்பாடு’ ஏன், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோடு சேர்ந்தே விழுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த ஏபிஎஸ்ஸின் மேல்தான் 1995இல் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டப்பட்டது. சக்கரவேகக் கணக்கு இருவருக்கும் பொது. ஆகவே கீழே ஒன்று போனால் மேலே உள்ளதும் விலகிக்கொள்ளும். நிலைப்பு விளக்கு மின்னினால் அமைப்பு வேலை செய்கிறது, நிலையாக எரிந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது கோளாறு. இதைச் சொற்பட்டியலிலேயே குறித்துவிடலாம்.

அப்புறம், சிவப்பு பிரேக் விளக்கு. அதற்குக் கலைச்சொல் எதுவும் வேண்டாம், எச்சரிக்கை போதும்: ஹேண்ட் பிரேக் இறங்கியும் அது எரிந்தால் ஓட்டாதீர்கள், பிரேக் ஆயில் மட்டத்தையும் கசிவையும் பாருங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் இருக்கும், சக்கரப் பூட்டுத் தடுப்புதான் இருக்காது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் பின்சக்கர பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் முதலில் பூட்டிக்கொள்ளும். இந்தப் பத்தி கையேட்டின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

பதிவுக்கான வரைவு: ‘பொருந்தாக் குறிகை – மின்சுற்று அறுபடாத நிலையிலும், பிற உணரிகளோடோ இயற்பியல் வரம்போடோ எதிர்பார்த்த அளவோடோ ஒத்துப்போகாத குறிகை.’ மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ‘எதிர்பார்த்த அளவு’ என்ற இடத்தில் இன்னும் இறுக்கமான சொல் கிடைத்தால்.