டைக்கோ பிராஹேய கேம் கேரக்டரா வச்சா என்ன பவர் குடுக்கலாம்?

கல்லடிப்பொடியன்: கம்பஸ் புரொஜெக்ட்டுக்கு ஒரு பைட்டிங் கேம் செய்றம் மச்சான்மார், எல்லாரும் ஐன்ஸ்டீன் டெஸ்லா எண்டே போறாங்க, அதான் நாங்க டைக்கோ பிராஹே எண்ட டென்மார்க் வானியல் விஞ்ஞானிய எடுத்தம், 1566ல வாள்சண்டையில மூக்கு வெட்டுப்பட்டு உலோக மூக்கு ஒட்டிக்கொண்டு திரிஞ்ச மனிசன். சண்டைக் கேரக்டருக்கு இதவிட என்ன வேணும்? ஆனா ஸ்பெஷல் பவர்தான் ஒண்டும் விளங்கல்ல.

வாவிக்கரை: மூக்க கழட்டி எறியிறது!! எறிஞ்சா திரும்பி வந்து ஒட்டோணும். தங்க மூக்கு எண்டு மட்டும் போட்டுராதீங்க, 2010ல கல்லறைய தோண்டி எலும்ப ஆராஞ்சதுல பித்தளை எண்டுதான் வந்த.

கல்முனை நானா: மூக்கோட நிண்டுராதீங்க தம்பி. அந்தாள்ட பவர் கண்ணுதான். டெலஸ்கோப் வாறதுக்கு முதலே வெறுங்கண்ணால, கோணம் அளக்கிற பெரிய பெரிய கருவிகள வச்சு வருஷக்கணக்கா வானத்த அளந்தவர், 1572ல புதுசா தெரிஞ்ச நட்சத்திரம் சந்திரனுக்கும் அங்கால எண்டு காட்டினவர். அப்ப தூரத்தில இருந்தே குறி தப்பாத அடி, ஆனா சார்ஜ் ஆக நேரம் எடுக்கோணும். ஸ்டேஜுக்கு அவர் வானத்த அளந்த ஹ்வென் தீவு இருக்கே.

கல்லடிப்பொடியன்: அடி சக்கை! அப்ப அவரோட வேல செஞ்ச வானியல் விஞ்ஞானி கெப்ளர என்ன செய்ற, நானா?

கல்முனை நானா: அவர் அன்லொக் கேரக்டர். 1601ல டைக்கோ மௌத்தானாப் பிறகு அவர் அளந்து வச்ச செவ்வாய்க் கிரக அளவுகள வச்சுத்தானே 1609ல கெப்ளர் கிரகம் சூரியன நீள்வட்டப் பாதையில சுத்துதெண்டு சொன்னார். டைக்கோ தோத்தாத்தான் கெப்ளர் திறக்கோணும்.