புதுப்பிப்பு: பாப்பாவின் மரபணு ரிப்போர்ட் வந்துவிட்டது

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பாப்பாவின் இரண்டு சிறுநீரகங்களிலும் பொடிப்பொடி நீர்க்கட்டிகள் தெரிந்ததையும், பிறந்தபின் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததையும் முன்பு எழுதியிருந்தேன். ரிசல்ட் வந்துவிட்டது. 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை, எச்என்எஃப்1பி என்கிற மரபணுவின் ஒரு பிரதியும் அதோடு போய்விட்டது.

கருவில் சிறுநீரகம் உருவாக இந்த மரபணு வேண்டும், இன்சுலின் சுரக்கும் கணையத்துக்கும் வேண்டும், அதனால்தான் டாக்டர் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்டோடு நிறுத்தாமல் மெக்னீசியமும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். மெக்னீசியம் குறைவு. சர்க்கரை இப்போதைக்குச் சரி, ஆனால் வளர்ந்தபின் வரலாம் என்பதால் விடாமல் பார்த்துவர வேண்டும்.

அப்புறம் எங்கள் இருவருக்கும் டெஸ்ட். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாக வருவதாம். எங்கள் வீட்டில் அப்படியில்லை, என் கணவருக்கும் இருக்கிறது. ஒல்லியான ஆள், இருபதுகளிலேயே சர்க்கரை வந்தது, ஆனால் அவர் சிறுநீரகத்தை யாரும் ஸ்கேன் செய்து பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தால் ஒன்று சின்னதாக இருக்கிறது. அதே குறைதான், அப்பாவுக்குச் சர்க்கரையாகவும் மகளுக்கு நீர்க்கட்டியாகவும் வந்திருக்கிறது. அடுத்த பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

கர்ப்பத்தில் நான் எதைச் சாப்பிட்டேன் என்று துருவிய சொந்தக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால் மரபுக் காரணமே இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படிச் சொல்ல முடியாது. பிறவிச் சிறுநீரகக் கோளாறுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்றைய சோதனையில் காரண மரபணு சிக்குவதில்லை. ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.