கல்வாழைத் தூர்களுக்குள் புகுந்த கோரையை அகற்றுவது எப்படி?

ஈசூன் வாசகி:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தில் கல்வாழை, ஹெலிக்கோனியா, அரத்தை, ஸ்பைடர் லில்லி ஆகியவை பல ஆண்டுகளாக ஒரே பாத்தியில் வளர்ந்து, இப்போது கை நுழையவும் இடமில்லாமல் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே கோரை மண்டிவிட்டது. பறித்தால் சில நாள்களிலேயே மீண்டும் துளிர்க்கிறது; கொத்தினால் செடிகளின் கிழங்கு வெட்டுப்படுமோ என்று அஞ்சுகிறோம். அரத்தையைச் சமையலுக்கு எடுப்பதால் களைக்கொல்லி தெளிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

தோ பாயோ தோட்டக்காரர்:
சகோதரிக்கு வணக்கம். கோரையைத் தொடுவதற்கு முன் செடிகளின் நெருக்கத்தைக் குறையுங்கள். ஹெலிக்கோனியாவின் ஒவ்வொரு தண்டும், வாழையைப் போலவே, ஒரே முறைதான் பூக்கும். பூத்து முடிந்த தண்டுகளை அடியோடு அறுத்துவிட்டால் பாதி இடம் தானாகவே கிடைத்துவிடும். கல்வாழையிலும் பூத்து ஓய்ந்த தண்டுகளை அப்படியே நீக்கலாம்.

கோரையின் வலிமை மண்ணுக்குள் இருக்கிறது. அதன் கிழங்குகள் மெல்லிய வேர்த்தண்டுகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, பெரும்பாலும் மேல்மண்ணின் 15 சென்டிமீட்டருக்குள் பரவியிருக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது அந்தத் தொடர் அறுந்து, அதுவரை உறங்கிக்கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கத் தொடங்கும் என்பதால், கொத்துவதைவிடக் கொத்தாமல் இருப்பதே நல்லது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, குறுகிய கைக்கரண்டியைப் புல்லின் அருகே செங்குத்தாக இறக்கி, கிழங்கோடு நெம்பி எடுங்கள். கிழங்கு வராவிட்டாலும், புதுத் துளிர் ஐந்தாறு இலை விடுவதற்குள் ஒவ்வொரு முறையும் பறித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அது புதுக் கிழங்குகளை உண்டாக்கத் தொடங்கும். இடைவிடாமல் பறித்தால் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து கிழங்கு நலிவடையும். இதற்குப் பல மாதங்கள் ஆகும், ஆனாலும் பலன் உறுதி.

பொங்கோல் மாடித்தோட்டம்:
ஐயா கூறியதில் பெரும்பகுதி சரி. ஆனால், கோரை தூருக்குள்ளேயே முளைத்திருந்தால் கரண்டி அங்கே எட்டாது. அத்தகைய தூர்களை முழுவதுமாகத் தோண்டி எடுத்து, மண்ணை நீரால் கழுவி, கோரைக் கிழங்குகளைக் கையால் பொறுக்கிய பின், மூன்று நான்கு தண்டுகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து நடுவதே முறை என்பது என் கருத்து. குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் இலையுதிர்காலத்தையோ வசந்தத்தையோ இதற்குக் கூறும். இங்கே செடிகள் ஆண்டு முழுவதும் வளர்வதால் அந்தக் கணக்குப் பொருந்தாது. பிப்ரவரி மாத வறட்சியையும், வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும் நாள்களையும் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த கோரைக் கிழங்குகளை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

ஈசூன் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. இடைவெளிகளில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் கோரை அடங்குமா?

தோ பாயோ தோட்டக்காரர்:
அடங்காது, சகோதரி. அதன் கூர்முனை மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்து மேலே வந்துவிடும். உலர்ந்த இலை மூடாக்கும் கோரையைத் தடுக்காது. ஆயினும் மற்றக் களைகளின் விதைகள் முளைப்பதைக் குறைக்கும், பறிப்பதற்கேற்ப மண்ணையும் இளக்கமாக வைத்திருக்கும். கோரைக்கு நிழல் ஆகாது என்பதால், பிரித்து நட்ட செடிகளின் இலைகள் மீண்டும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊர் மண்ணில் மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது, கனமழைக்குப் பிறகு அதன் ஆபத்து கூடும். ஈர மண்ணில் வேலை செய்யும் அனைவரும், குறிப்பாக நீரிழிவு உள்ள மூத்தோர், கையுறையும் காலணியும் அணிய வேண்டும். காயம் இருந்தால் ஆறும்வரை மண்ணைத் தொடாமல் இருக்கட்டும்.