ஆர்ட்டிஸ்ட் புக் இனி எங்கே போகிறது? கண்ணாடிப் பெட்டிக்கா, ரிசோவுக்கா, திரைக்கா?

மடிப்புக்காரர்:

கொஞ்ச காலமாக ஆர்ட்டிஸ்ட் புக் செய்துகொண்டிருக்கிறேன். ஓவியங்களைத் தொகுத்துப் போடும் கேட்டலாக்கைச் சொல்லவில்லை, புத்தகமே படைப்பாக நிற்கிற வகை. காகிதத்தின் கனம், மடிப்பு, ஒரு பக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கை செய்கிற வேலை எல்லாம் சேர்ந்துதான் அது.

இப்போது ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். கையால் தைத்து, மிகக் குறைந்த பிரதிகள் மட்டும் செய்து நூலகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்பதுதான் வழி என்கிறார் எனக்கு பைண்டிங் சொல்லித்தந்தவர். கூட வேலை செய்கிறவர்களோ ரிசோகிராஃப் என்ற மலிவு அச்சு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கில் அடித்து, புத்தகச் சந்தையில் மேஜை போடு என்கிறார்கள். இன்னொரு கூட்டம், காகிதமெல்லாம் முடிந்த கதை, இணையத்தில் செய் என்கிறது.

இதற்கிடையில் ஒரு கண்காட்சியில் என் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, நடுவில் எதிரெதிரான இரண்டு பக்கங்களை மட்டும் திறந்து வைத்தார்கள். விசிறி மடிப்பில் செய்த வேலை, முழுக்க விரித்தால்தான் படம் என்று ஒன்று தெரியும். வந்தவர்கள் பார்த்தது ஒரு சாம்பல் நிறச் செவ்வகம், அவ்வளவுதான்.

இந்த வடிவம் எதை நோக்கிப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? யாரும் தொடமுடியாத ஒன்றாகத்தான் முடியும் என்றால் நான் ஏன் மடிக்க வேண்டும்?

நூல்முடிச்சு:

நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் வேலை செய்கிறேன், அதனால் பெட்டியைப் பூட்டும் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் :)

இந்தச் சண்டை பழையது. ஒரு பக்கம் வொல்லார் போன்ற கலை வணிகர்கள் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்காகப் போட்ட ஆடம்பரப் பதிப்புகள். 1947-இல் வந்த ஓவியர் மத்தீஸின் 'ஜாஸ்' அந்த மரபுதான், ஸ்டென்சில் வைத்துக் கையால் நிறமிட்ட பக்கங்கள், பிரதிகள் 250. இன்னொரு பக்கம் அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே. பெட்ரோல் பங்குகள் இருபத்தாறைப் புகைப்படம் எடுத்து, எந்த அலங்காரமும் இல்லாமல் சாதாரண ஆஃப்செட்டில் அடித்து, 1963-இல் 400 பிரதி வெளியிட்டார். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம் 'ஆர்ட்ஃபோரம்' இதழில் 'நிராகரிக்கப்பட்டது' என்றே தலைப்பிட்டு அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் போட்டார் மனுஷர்.

வேடிக்கை என்னவென்றால், சில டாலருக்கு விற்ற அந்த முதல் பதிப்பு இப்போது மத்தீஸுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. ஆக, பெட்டிக்குள் அனுப்புவது கைத்தையலோ நல்ல காகிதமோ மட்டும் இல்லை. பிரதி அரிதாகிவிட்டால் எதுவும் உள்ளே போய்விடும். 1976-இல் நியூயார்க்கில் ஆர்ட்டிஸ்ட் புக் விற்பதற்கென்றே பிரிண்டட் மேட்டர் என்ற அமைப்பைத் தொடங்கியபோது கலைஞர் சால் லெவிட், விமர்சகர் லூசி லிப்பார்ட் போன்றவர்களின் எண்ணம் இதற்கு நேர் எதிரானது. சூப்பர் மார்க்கெட்டிலும் விமான நிலையத்திலும் ஆர்ட்டிஸ்ட் புக் கிடைக்க வேண்டும் என்று லிப்பார்ட் எழுதினார். அது நடக்கவில்லை. பிரிண்டட் மேட்டர் மட்டும் இன்னும் இருக்கிறது.

உங்கள் பிரச்சினைக்கு நேரடியான பதில்: தொடுவதற்கென்றே ஒரு பிரதி தனியாகச் செய்யுங்கள், அது கிழிந்தால் கிழியட்டும். கண்காட்சி ஒப்பந்தத்தில் 'கைப்பிரதி மேஜையில் இருக்கும்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். நாங்கள் மறுப்பது குறைவு. பெரும்பாலும் கலைஞர் கேட்பதே இல்லை.

மஞ்சள் டிரம்:

ரிசோ ஆள் வந்துவிட்டேன்.

எனக்கு இந்த 'எதிர்காலம்' என்கிற பேச்சில் நம்பிக்கை கம்மி. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன்: எந்த இயந்திரம் அலுவலகத்துக்கு அலுத்துப்போகிறதோ, அது கொஞ்ச நாளில் நம் கைக்கு வரும். ரிசோகிராஃப் கலைக்காகச் செய்ததே இல்லை. பள்ளித் தேர்வுத்தாளும் சுற்றறிக்கையும் மலிவாக அடிக்க 1980-களில் ஜப்பானில் வந்த ஸ்டென்சில் இயந்திரம். ஒரு டிரம்முக்கு, அதாவது மை உருளைக்கு, ஒரே நிறம்தான். இரண்டாம் நிறத்துக்கு டிரம்மை மாற்றி, அதே தாளை மறுபடி விடவேண்டும், அப்போது நிறங்கள் துளி விலகி உட்காரும். அந்த விலகலைத்தான் இப்போது அழகு என்கிறோம். மை முழுசாகக் காயாது, படிக்கிறவர் விரலில் ஒட்டும். பளபளப்பான தாளில் போட்டால் நாசம்.

ஜெராக்ஸ் கதை இன்னும் நல்லது. 1968-இல் கலைக் கண்காட்சிகள் நடத்திய செத் சீகலாப் ஏழு கலைஞர்களுக்கு ஆளுக்கு 25 பக்கம் கொடுத்து ஒரு புத்தகம் போட்டார். எல்லோரும் அதை 'ஜெராக்ஸ் புக்' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் ஆயிரம் பிரதியை ஜெராக்ஸ் எடுக்க அன்றைக்குக் கட்டுப்படியாகவில்லை, கடைசியில் ஆஃப்செட்டில்தான் அடித்தார்கள்! அப்புறம் ஜெராக்ஸ் மலிவாகி, தெருமுனைக்கு வந்தபோதுதான் ஸ்டேப்ளர் அடித்த குட்டிப் புத்தகங்கள் பெருகின. அப்புறம் ரிசோ, அப்புறம் கேட்டால் அச்சடித்துத் தரும் பிரிண்ட் ஆன் டிமாண்ட். 2015-இல் கலைஞர் மைக்கேல் மேண்டிபெர்க் ஆங்கில விக்கிபீடியா முழுவதையும் 7,473 தொகுதிகளாக வடிவமைத்து அப்படி ஒரு அச்சு சேவையில் ஏற்றினார். கேலரியில் உண்மையில் அச்சாகி நின்றவை அதில் சிறு பகுதிதான், மற்றவற்றுக்குச் சுவரில் புத்தக முதுகுகளின் படம். யாராவது பணம் கட்டினால் அந்தத் தொகுதி பிறக்கும். பிரதி எண்ணிக்கை என்கிற கணக்கே அங்கே அர்த்தமிழந்து போகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ரிசோவில் இப்போது எல்லோரும் ஒளிரும் பிங்க்கையும் நீலத்தையும் போட்டு ஒரே மாதிரி செய்கிறார்கள், மேஜைக்கு மேஜை ஒரே புத்தகத்தைப் பார்ப்பது போல் இருக்கிறது. பைண்டிங் சொல்லித்தந்தவரை அதனால் உதறிவிட வேண்டாம்.

உடைந்த சுட்டி:

திரைக்காரர்கள் சார்பாக நான். முதலில் ஒப்புக்கொள்கிறேன், நம் ஆட்கள் நிறைய அபத்தம் செய்தார்கள். பக்கம் சுருண்டு திரும்புகிற மாதிரி அனிமேஷன், கூடவே சரசரவென்று சத்தம். காகிதத்தை நடிக்கச் சொல்கிற வேலை அது. காகிதத்தில் அதை விட நன்றாக நடக்கும்.

நீடித்திருப்பது என்று பார்த்தாலும் நிலைமை மோசம். ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்தவை 2020 முடிவோடு உலாவிகளில் நின்றுபோயின. பழைய 32 பிட் புத்தக ஆப்கள் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததும் திறக்காமல் போயின. 1913-இல் கவிஞர் சாந்திராரும் ஓவியர் சோனியா தெலோனேயும் சேர்ந்து செய்த மடிப்புப் புத்தகம், விரித்தால் இரண்டு மீட்டர் நீளம், இன்னும் விரிகிறது. (மடிப்புக்காரருக்கு இது பிடிக்கும்: 150 பிரதி போட்டு, எல்லாவற்றையும் விரித்து முனையோடு முனை சேர்த்தால் ஈஃபிள் கோபுரத்தின் உயரம் வரும் என்பது அவர்கள் திட்டம். அத்தனை பிரதிகள் செய்து முடிக்கவில்லை.)

ஆனால் இதற்கு நேர் மாறாக ஒன்று நடந்தது. 1992-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சன் 'அக்ரிப்பா' என்ற கவிதையை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார், ஓவியர் டென்னிஸ் ஆஷ்பாவின் புத்தகத்துக்குள் வைத்து. ஒருமுறை ஓடினால் கவிதை தன்னைத்தானே குறியாக்கம் செய்துகொண்டு படிக்கமுடியாததாகிவிடும். அழிவதற்காகவே செய்த அந்தக் கவிதை உடனே இணையத்தில் கசிந்தது, இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிலைக்கவேண்டும் என்று கம்பெனிகள் கட்டிய ஆப்கள் செத்துப்போயின! வெறும் எழுத்தாக இருந்ததால் அது பிழைத்தது. இணையத்தில் செய்வதாக இருந்தால் எளிய எச்டிஎம்எல், சில படங்கள், அவ்வளவோடு நிறுத்துங்கள். யாரும் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

காகிதமா திரையா என்று பிரிப்பதே இப்போது பொருந்தவில்லை. இணையத்திலிருந்து எடுத்து அச்சில் போடும் கலைஞர்களின் வேலைகளை பால் சுலெல்லிஸ் 2013-இலிருந்து சேகரித்தார், அந்தத் தொகுப்பை 2017-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகமான மோமா வாங்கிக்கொண்டது. பிரிட்டிஷ் ஓவியர் டாம் பிலிப்ஸ் 1966-இல் ஒரு பழைய விக்டோரிய நாவலை வாங்கி, பக்கம் பக்கமாக அதன்மேல் வரைந்து, சில சொற்களை மட்டும் விட்டுவைத்து 'எ ஹ்யூமுமெண்ட்' செய்தார். ஐம்பது வருடம் அதையே திரும்பத் திரும்ப மாற்றினார், நடுவில் ஐபேட் ஆப்பாகவும் விட்டார், கடைசிப் பதிப்பு 2016-இல். எந்த ஒரு வடிவத்தையும் அவர் முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்க்கட்சி:

சரி, அப்போது எதுதான் ஆர்ட்டிஸ்ட் புக் இல்லை? டீட்டர் ரோத் என்ற கலைஞர் தனக்குப் பிடிக்காத நாவல்களையும் பத்திரிகைகளையும் அரைத்து, கொழுப்பும் மசாலாவும் சேர்த்து சாஸேஜ் உறையில் அடைத்தார். அதையும் இந்தப் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். சிலை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே. இப்போது ஏஐ ஒரே இரவில் ஆயிரம் பக்கம் படம் தரும், அதைக் கட்டி விற்றாலும் ஆர்ட்டிஸ்ட் புக்கா?

நூல்முடிச்சு:

சாஸேஜ் எங்களுக்குப் பராமரிப்புத் தலைவலி, அதனால் நான் நடுநிலை இல்லை. என் அளவுகோல் 1975-இல் மெக்சிகோ கலைஞர் உலிசெஸ் காரியோன் சொன்னதுதான்: புத்தகம் என்பது அடுத்தடுத்து வரும் வெளிகளின் வரிசை. அவரே ஆம்ஸ்டர்டாமில் அதற்கென்று கடை நடத்தியவர். எதற்குப் பின் எது என்று ஒருவர் தீர்மானித்து, அந்த வரிசை நம் நேரத்தை வாங்கினால் எனக்கு அது புத்தகம். ஆயிரம் பக்கத்தைக் குலுக்கிப் போட்டும் எதுவும் மாறவில்லை என்றால் அது வெறும் கட்டு, படத்தை யார் அல்லது எது வரைந்தாலும் சரி. அந்தக் கணக்கில் சாஸேஜ் தேறாது, ரூஷே தேறுவார்.

எதிர்க்கட்சி:

ரூஷேவின் பெட்ரோல் பங்குகளைக் குலுக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

மடிப்புக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. கைப்பிரதி யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அதே வேலையை ரிசோவில் மலிவுப் பதிப்பாகவும் போட்டுப்பார்க்கப் போகிறேன், இணையத்துக்கு அதே வரிசையை ஒரே நீளப் பக்கமாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. மஞ்சள் டிரம், ஒரு சந்தேகம்: விசிறி மடிப்பில் நிறம் மடிப்பின் மேல் ஓடுகிற மாதிரி வருகிறது. ரிசோ மை தாங்குமா?

மஞ்சள் டிரம்:

அடர்த்தியான நிறமாக இருந்தால் தாங்காது, மடித்த கோட்டில் வெள்ளையாக உரியும். நான் இரண்டு வேலை செய்வேன். மடிப்புக் கோட்டின் இருபுறமும் நிறத்தைப் புள்ளிகளாக இளக்கிவிடுவேன், அப்போது உரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் தாளை வெட்டும்போது நார் ஓடும் திசையும் மடிப்பும் ஒரே பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், குறுக்கே மடித்தால் எந்த மையும் வெடிக்கும். அடித்த அன்றே மடிக்காதீர்கள். ஒரு நாளாவது தாள் மையைக் குடிக்கட்டும்.