ஜார்ஜியாக் காவியங்களை இங்கிலீஷ்ல படிச்சவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். மொதல்ல படிச்சது ருஸ்தவேலியோட 'சிறுத்தைத்தோல் வீரன்', மார்ஜரி வார்ட்ராப் பண்ணின மொழிபெயர்ப்பு. அந்தம்மா ஜார்ஜியன் மொழியைத் தானா கத்துக்கிட்டு வருஷக்கணக்கா உழைச்சாங்க, 1909ல தவறிட்டாங்க, அண்ணன் ஆலிவர்தான் 1912ல புத்தகமாக் கொண்டுவந்தார். மூலத்துல பாட்டுக்கு நாலு அடி, அடிக்கு 16 அசை, நாலும் ஒரே மாதிரி முடியும். இவங்க உரைநடையாப் பண்ணதால அந்த ஓசை சுத்தமா இல்ல, எனக்கு ஆரம்பத்துல ஓடவே இல்ல.

அப்புறம் அந்த ஆத்தங்கரை வந்துச்சு. அரேபியா ராஜா வேட்டைக்குப் போன இடத்துல ஒருத்தன் குதிரைக் கடிவாளத்தப் பிடிச்சபடி உக்காந்து அழுதுட்டு இருக்கான், மேல சிறுத்தைத்தோல், ஆள் அனுப்பிக் கூப்பிட்டா காதுலயே விழல. அவன் யாருன்னு கண்டுபிடிக்க அந்த ராஜாவோட தளபதி அவ்தந்தில் கிட்டத்தட்ட மூணு வருஷம் அலையுறான், பாத்தா அவன் தாரியேல், நம்ம இந்தியாவோட இளவரசனாம்! ஜார்ஜியாவ ஆண்ட தாமார் ராணி காலத்துல, 800 வருஷம் முன்னாடி, காக்கசஸ் மலைல ஒருத்தர் கற்பனை பண்ணின இந்தியா. காதலி நெஸ்தானைத் தொலைச்சவன், அவ ஞாபகமா இருக்குன்னு ஒரு சிறுத்தையக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கப் போறான், அது பிராண்டுது, அடிச்சே கொன்னுடறான், அப்புறம் நெஸ்தானோட போட்ட சண்டை ஞாபகம் வந்து துடிக்கிறான். புத்தகத்தக் கீழ வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஓசை போனாலும் இது போகல.

---

எனக்கு வாஜா ப்ஷவேலாவோட 'விருந்தாளியும் வீட்டுக்காரனும்' தாங்க, 1893ல எழுதினது, டொனால்ட் ரேஃபீல்ட் மொழிபெயர்ப்புல படிச்சேன். ஜொகோலா கிஸ்திங்கற மலை இனத்துக்காரன், முஸ்லிம். வேட்டைல பாத்த ஹெவ்சூர்க்காரன் (அதுவும் ஒரு மலை இனம்) ஒருத்தன வீட்டுக்குக் கூட்டிட்டு வரான், அவன் கிறிஸ்தவன், பல பேரக் கொன்ன எதிரின்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு, ஜொகோலாவோட சொந்த அண்ணன் தம்பியவே கொன்னவன். ஆனா ஜொகோலா விடல, ரத்தக்கடன் கடல் அளவு இருந்தாலும் இன்னிக்கு இவன் என் விருந்தாளின்னு தன் ஊர்க்காரனையே வெட்டறான். அப்படியும் ஊரு அந்த விருந்தாளிய இழுத்துட்டுப் போயிக் கல்லறைல வெச்சுப் பலி குடுத்துடுது.

ஜொகோலாவோட பொண்டாட்டி அகாஸா யாருக்கும் தெரியாம ராத்திரி போயி அந்தப் பொணத்துக்கிட்ட உக்காந்து அழறா. அதை புருஷன்கிட்டயே சொல்றா, ஊருக்குப் பயந்துக்கிட்டே. அவன் கோவப்படல. அழுதியா, நல்லது பண்ண, நல்ல வீரனுக்காக அழறது பொம்பளைக்கு அழகுதான்னு சொல்றான். அந்த ஒரு பதில்ல அந்த மனுஷன் எனக்கு ரொம்பப் பெருசாத் தெரிஞ்சான், இந்த வரிக்காகவே நாலஞ்சு தடவ படிச்சிருக்கேன்.

---

மார்ஜரியம்மா 1895லயே ஜார்ஜியக் கவிஞர் சவ்சவாத்செயோட 'துறவி'யையும் மொழிபெயர்த்திருக்காங்க, சின்னது, ஒரே மூச்சுல படிச்சுடலாம். காஸ்பெக் மலைல ஒரு சாமியார், ஜன்னல் வழியா விழற சூரியக் கதிர் மேல ஜெபப் புத்தகத்த வெப்பார், அது விழாம நிக்கும். ஒரு ராத்திரி புயலுக்கு ஒதுங்கி ஆடு மேய்க்கிற பொண்ணு ஒருத்தி வரா, மறுநாள் வெச்சா கதிர் தாங்கல.

அகாஸா அழற எடத்தச் சொன்னீங்கல்ல, கடைசிப் பகுதியையும் படிங்க. எல்லாரும் செத்தப்புறம் ராத்திரில அந்த மலை மேல ஜொகோலாவும் அந்த விருந்தாளியும் ஆவியா வந்து நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருக்காங்க, அகாஸா நெருப்புல சமைச்சுட்டு இருக்கா.